மீதி என்ன?

எனக்கும் கணக்குக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்பது என் நாவல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு தொடர்கதையின் முதல் அத்தியாயத்தில் கதாநாயகிக்கு இருபத்திரண்டு வயது. கதைப்படி மூன்று வருஷங்கள் கழிந்து முப்பதாவது அத்தியாயத்தில் அவளுக்கு இருபத்தொன்று ஆகிவிட்டது. "அந்த லேகியத்தின் பெயரை எங்களுக்கும் சொல்லக் கூடாதா?" என்று ஒரு வாசகி தபால் கார்டு போட்டிருந்தாள்.

அப்படிப்பட்ட ஆசாமி ஓர் எண்ணைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் என்னவென்றால், இந்த எண்ணுக்கு நான் பல வருஷங்களாக ஒரு கடன் பாக்கி வைத்திருந்தேன். அதைச் சென்ற மாதம்தான் தீர்த்தேன்.

எண் இதுதான்: 214,74,83,647. வாய்விட்டுச் சொன்னால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.

இதை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் அப்பா. அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு உபாத்தியாயர். 1958-ஆம் வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. நயா பைசா வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உனக்குக் கைச்செலவுக்குக் காசு தரட்டுமா? ஒண்ணாந்தேதி ஒரு பைசா, ரெண்டாந்தேதி ரெண்டு பைசா, மூணாந்தேதி நாலு பைசா. இப்படி ஒவ்வொரு நாளும் முதல் நாளைப் போல் ரெண்டு பங்கு. சம்மதமா?" என்றார்.

ஒரு பைசாவுக்கு ஆரஞ்சு மிட்டாய்கூட முழுசாக வராது. "ஒரு ரூபாயாக் குடுத்துடுங்க" என்றேன்.

அப்பா சிரித்தார். "போடா அசடு. பத்து நாளைக்குப் பத்து ரூபாய் இருபத்து மூணு பைசா. இருபது நாளைக்குப் பத்தாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேலே. முப்பத்தொரு நாள் மாசமா இருந்தா, ரெண்டு கோடியே பதினாலு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து எண்ணூத்து முப்பத்தாறு ரூபாய் நாற்பத்தேழு பைசா. ஒரு ரூபாய்க்கு வித்துட்டியே!" என்றார்.

அந்த ரூபாயைப் பைசாவாக மாற்றினால் மேலே சொன்ன எண் வந்துவிடும். இரண்டை முப்பத்தொரு தடவை தன்னாலேயே பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் அதே எண்தான். அப்பா அடுத்துச் சொன்னதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது: "இவ்வளவு பைசா இருந்தும் பிரயோஜனம் இல்லை. ரெண்டு பிள்ளை இருந்தாலும், ஏழு பிள்ளை இருந்தாலும், ஊரே பங்காளியா வந்து நின்னாலும், மீதி இல்லாமல் சமமாப் பங்கு போடவே முடியாது. ஒரே ஆள் முழுசா எடுத்துக்கணும். இல்லாட்டி ஆளுக்கு ஒரு பைசாதான்."

இப்படிப் பங்கு போட முடியாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு எல்லாம் அந்த ஜாதிதான். அப்பாவின் பைசாக் கணக்கில் ஒரு மாதம் முழுவதும் சேர்த்துக்கொண்டே வந்தால், எட்டே எட்டு நாட்களில்தான் மொத்தத் தொகை பகா எண்ணாக இருக்கும்: தேதி 2, 3, 5, 7, 13, 17, 19, பிறகு 31. பதினொன்றாம் தேதி 2,047 பைசா. பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கும். ஆனால் அது 23-ஐ 89-ஆல் பெருக்கிய தொகை. 23-ஆம் தேதியும் 29-ஆம் தேதியும் அப்படியே நம்மை ஏமாற்றிவிடும். 31-ஆம் தேதி ஏமாற்றாது என்பது அப்பாவின் கட்சி.

"அது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் கோடை விடுமுறை எனக்கு நல்லபடியாகக் கழிந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகவே மங்கி வந்து, கண்ணில் கத்தி வைத்தும் பலனில்லாமல் போய், கரும்பலகையில் தாம் எழுதியதைத் தாமே படிக்க முடியாத நிலை வந்ததும் வேலையை விட்டுவிட்டார். பகலில் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் பார்வை முழுவதும் போவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். கடைக்காரர்கள் கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்றில், கொட்டை எழுத்தில், வரிசையாக எண்களை எழுதி வைத்திருந்தார். 311, 1303, 1489 என்று ஆரம்பித்து, நூற்றுக்குச் சற்றுக் குறைவான எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்றின் மேல் 'ஈவு', மற்றொன்றின் மேல் 'மீதி'. கட்டங்கள் எல்லாம் காலி.

"தினம் ஒரு வகுத்தல். நீ போடு, நான் கேட்கிறேன்" என்றார் அப்பா.

இந்தப் பட்டியலின் கதையைச் சொல்ல வேண்டும். இதற்குச் சொந்தக்காரர் அப்பா அல்ல, ஆய்லர் என்ற மகா மேதை. ஸ்விட்சர்லாந்தில் பாஸல் நகரில் 1707-ல் பிறந்து, ருஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1783-ல் காலமானவர். வாலிபத்திலேயே ஒரு கண் போய்விட்டது. 1766-ல் இரண்டாம் முறையாக அவர் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போனபோது மற்றொரு கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது. 1771-ல் கண்புரைக்குச் சிகிச்சை செய்தார்கள். சில நாட்கள் பார்வை திரும்பியது. பிறகு அதுவும் போய்விட்டது. அதே வருஷத்தில் வீடு தீப்பற்றி எரிந்தது. இத்தனைக்கும் பிறகு, 1772-ல், பெர்லினில் இருந்த பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண்ணைக் குறிப்பிட்டு, இது பகா எண்தான் என்று அறிவித்தார்.

அதற்கு முன்னாலும் இதைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. இத்தாலியக் கணித அறிஞர் கட்டால்டி இது பகா எண் என்று சொன்னார். ஆனால் 23, 29, 37 ஆகியவற்றையும் கூடவே சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்த மூன்றும் தப்பு. மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1644-ல் ஒரு ஜாபிதா வெளியிட்டார். அதில் 31 உண்டு. ஆனால் 67-ம் 257-ம் தவறாக இடம்பிடித்திருந்தன. ஆகவே அவர்கள் வாக்கை நம்பி ஒன்றும் செய்வதற்கில்லை. சொன்னது சரியாக இருப்பது வேறு, சரி என்று காட்டுவது வேறு அல்லவா?

காட்டுவதற்கு நேரான வழி வகுத்துப் பார்ப்பதுதான். எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடவில்லை என்றால் அது பகா எண். ஆனால் எத்தனை எண்ணால் வகுப்பது? முதல் சலுகை எல்லோருக்கும் தெரிந்தது. ஓர் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கமாக எழுதினால், இரண்டில் சிறியது வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். ஆகவே அதுவரை பார்த்தால் போதும். அதுவரை உள்ள பகா எண்கள் மட்டுமே 4,700-க்கு மேல் இருக்கின்றன. தினம் ஒன்று வீதம் போட்டால் பதின்மூன்று வருஷம்!

இங்கேதான் ஆய்லரின் புத்தி வேலை செய்தது. துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே கணக்கில் சூரராக விளங்கிய பெர்மா 1640-லேயே ஒரு விதி கண்டிருந்தார். அதன்படி, இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். 62 என்பது 31-இன் இரட்டிப்பு. இதோடு ஆய்லர் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தார்: 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டு சல்லடையிலும் சலித்தபின் 46,340 வரை, 1-ஐ விட்டுவிட்டால், நிற்பவை 373 எண்கள்தான். அவற்றிலும் பகா எண் அல்லாதவற்றைத் தள்ளினால் நூற்றுக்கும் குறைவு. அந்தப் பட்டியலைத்தான் அப்பா நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

"திருடன் எந்தத் தெருவிலே இருக்கான்னு தெரியாட்டா ஊரையே சோதனை போடணும். அவன் வீட்டு வாசல் வடக்கே பார்த்தது, திண்ணை இடதுபக்கம்னு தெரிஞ்சுட்டா அந்த மாதிரி வீடுகளை மட்டும் தட்டினாப் போதும். அங்கேயும் இல்லைன்னா ஊரிலேயே இல்லை" என்பார் அப்பா.

முதல் நாள் 311. ஈவு 69,05,092, மீதி 35. இரண்டாம் நாள் 1303. ஈவு 16,48,107, மீதி 226. அப்பா திண்ணையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியபடி கேட்பார். (மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்றாலும், கேட்கும்போது மூடிக்கொள்வார்.) நான் பலகையில் போட்டு, விடையை நோட்டில் எழுதி, உரக்கப் படிக்க வேண்டும். "ஈவு?" என்பார். சொல்வேன். "மீதி என்ன?" என்பார். சொல்வேன். சிறிது நேரம் உதடு அசையும். "சரி, போ" என்பார்.

ஒரு வாரம் வரையில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு எண்கள் பெரிதாகிவிட்டன. ஐந்து இலக்க எண்ணால் பத்து இலக்க எண்ணை வகுப்பது சாமானியம் அல்ல. அதே சமயத்தில் ஆற்றங்கரை மேட்டில் டூரிங் டாக்கீஸ் ஒன்று வந்து கொட்டகை போட்டது. சாயங்காலம் ஆறரை மணிக்கு ரிக்கார்டு வைக்க ஆரம்பிப்பார்கள். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் போனால்தான் மண்ணைக் குவித்து உயரமாக உட்கார இடம் கிடைக்கும்.

அன்று 18,353 என்ற எண். மடமடவென்று போட்டேன். 117009 என்று ஈவு வந்துவிட்டது. கடைசிக் கழித்தல் ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது.

"மீதி என்ன தம்பி?"

"நாலாயிரத்து இருநூத்துப் பன்னிரண்டு" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த 4,212? எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் எத்தனையோ கற்பனைகள் செய்திருக்கிறேன். இவ்வளவு சரளமாக ஒன்றும் வந்ததில்லை. அப்பாவின் உதடு அசைந்தது. வழக்கத்தைவிடச் சிறிது அதிக நேரம் அசைந்ததோ என்னவோ. "சரி, போ" என்றார். ஓடினேன்.

ஒரு தடவை செய்துவிட்டால் இரண்டாம் தடவை கூச்சம் இருப்பதில்லை. பூஜ்யம் வராதவரையில் என்ன மீதி வந்தால் என்ன என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன். படம் மாறும் நாட்களில் எல்லாம் மீதியும் கற்பனைதான். ஆடி மாதம் பிறப்பதற்குள் பட்டியல் முடிந்தது. கடைசி எண் 45,943. அதற்கும் மீதி சொன்னேன். அப்பா வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆய்லர் சொன்னது சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கும் கண் இல்லை. யாரோ ஒரு பிள்ளைதான் கிட்ட உட்கார்ந்து எழுதியிருக்கணும்" என்றார்.

அது உண்மையாகவே இருக்கலாம். ஆய்லர் தம் புகழ்பெற்ற அல்ஜீப்ராப் புத்தகத்தை ஒரு தையல்காரப் பையனுக்கு வாயால் சொல்லி எழுதுவித்தார் என்று சொல்வார்கள். கண் போன பிறகு அவர் எழுதியவை, மொத்தத்தில் ஏறக்குறைய பாதி.

வருஷங்கள் ஓடின. என் முதல் சிறுகதை ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. அப்பா அப்போது இல்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்ப் பெருமையாகக் காட்டினேன். அம்மா அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா அப்பவே சொன்னாரு, இவன் கதை எழுதத்தான் லாயக்குன்னு" என்றாள்.

"எப்பச் சொன்னார்?"

"நீ மீதி சொன்னியே, அப்ப."

என் முகம் எப்படி இருந்தது என்று அம்மாதான் சொல்ல வேண்டும். மெள்ள மெள்ள விஷயம் வெளியே வந்தது. அப்பாவின் உதடு அசைந்ததே, அது வெறும் அசைவு அல்ல. ஒன்பதைத் தள்ளிப் பார்ப்பது என்று பழைய உபாத்தியாயர்கள் ஒரு சோதனை வைத்திருப்பார்கள். எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒரே இலக்கமாக்க வேண்டும். நம் பெரிய எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 46, நாலும் ஆறும் பத்து, கடைசியில் 1. வகுக்கும் எண்ணையும் ஈவையும் இப்படிச் சுருக்கிப் பெருக்கி, மீதியைச் சுருக்கிக் கூட்டினால் அந்த 1 வர வேண்டும். 18,353 சுருங்கினால் 2. ஈவு 117009 சுருங்கினால் 9. ஒன்பது என்றால் தள்ளுபடி, பூஜ்யம். ஆகவே மீதி சுருங்கி 1 ஆக வேண்டும். நான் சொன்ன 4,212 சுருங்கினால் 9. என் பொய் அரை நிமிஷங்கூடத் தாங்கவில்லை.

"ஏன் என்கிட்டக் கேக்கலை?" என்றேன்.

"கேக்கச் சொல்லி நான்தான் சொன்னேன். 'கேட்டா நாளைக்கு உட்காரமாட்டான். எனக்கு வேற கண்ணு ஏது?'ன்னுட்டாரு" என்றாள் அம்மா.

நான் கொட்டகையில் மண் மேட்டில் உட்கார்ந்திருந்த இரவுகளில் அப்பா திண்ணையில் படுத்துக்கொண்டு அந்த வகுத்தலை மனசுக்குள்ளேயே முதலிலிருந்து போட்டிருக்கிறார். சில சமயம் விடியும் வரையில் ஆகுமாம். விடை வந்ததும் அம்மாவை எழுப்பிச் சொல்வார். பால் கணக்கைத் தவிர வேறு கணக்கு எழுதியறியாத அம்மா, பென்சிலால் நோட்டில் குறித்து வைப்பாள்.

இதைக் கேட்ட பிறகும் அந்த நோட்டைத் தேடிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சென்ற மாதம் பழைய டிரங்குப் பெட்டி ஒன்றைக் காலி செய்தபோது அதுவாகவே கிடைத்தது. என் பேனா எழுத்து, குண்டு குண்டாக. 4,212-இன் மேல் மெல்லிய பென்சில் கோடு. பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்தில் 17,470. இப்படிப் பதினோர் இடங்கள்.

கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் என் பேரன் தலைப்பிலிருந்த பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு, "இது எங்க நம்பராச்சே தாத்தா!" என்றான். முப்பத்திரண்டு இருநிலை இலக்கங்களில், ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டு மற்ற முப்பத்தொன்றில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுவாம். 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து வினாடிகளை இப்படி எண்ணிவரும் பழைய இயந்திரங்களில், 2038 ஜனவரி 19-ஆம் தேதி, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 வினாடிக்கு எண்ணிக்கை இந்த எண்ணைத் தொடும். அடுத்த வினாடி இடம் போதாமல் 1901-ஆம் வருஷத்துக்குப் போய்விடுமாம். என் தொடர்கதைக் கதாநாயகியின் வயது ஞாபகம் வந்தது.

1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணித ஆசிரியர், இந்த எண்ணிலிருந்து கிடைக்கும் நிறை எண்ணைவிடப் பெரிய ஒன்றை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, வெறும் வேடிக்கையே தவிர உபயோகம் இல்லை என்று எழுதி வைத்தார். (6-ஐ வகுக்கும் 1, 2, 3 கூடினால் 6, அப்படிப்பட்டது நிறை எண்.) 1876-ல் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 39 இலக்கம் கொண்ட இதே ஜாதிப் பகா எண்ணைக் காட்டிவிட்டார். 2024 அக்டோபரில் கண்டுபிடித்த ஒன்றுக்கு 4,10,24,320 இலக்கங்கள். உபயோகம் இல்லை என்ற வார்த்தையைச் சொல்லுமுன் யோசிக்க வேண்டும்.

பேரன் தூங்கப் போன பிறகு நான் யோசித்தது வேறு. அப்பாவின் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. ஒன்பது பொய்யில் ஒன்று தற்செயலாகத் தப்பிவிடலாம். இலக்கங்கள் இடம் மாறினாலும் அது கண்டுபிடிக்காது. அப்படி ஒன்று நோட்டில் இருந்தால் அப்பாவின் நிரூபணம் பூர்த்தியாகவில்லை என்றுதானே அர்த்தம்? எண் பகா எண்ணாகவே இருக்கட்டும்; அதற்கு அப்பாவின் தயவோ என் தயவோ வேண்டியதில்லை. ஆனால் அப்பா "சரிதான்" என்று சொன்னாரே, அந்த வார்த்தை என்னை நம்பிச் சொன்னது.

மறுநாள் சாயங்காலம் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 311-லிருந்து ஆரம்பித்தேன். "போன்ல தட்டினா ஒரு நொடி தாத்தா" என்றான் பேரன். நொடியில் முடிக்கிற காரியம் இல்லை இது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? தினம் நாலைந்து போட்டேன். அம்மாவின் பென்சில் எண்கள் பதினொன்றும் சரி. பார்வையில்லாத மனுஷர், இருட்டில், ஒரு கடுகளவும் பிசகவில்லை.

கடைசி எண் 45,943. ஈவு 46,742, நோட்டிலும் அதுவே. மீதி எனக்கு 15,941 வந்தது. நோட்டில் என் குண்டு எழுத்தில் 15,491 என்று இருந்தது. அதன் மேல் பென்சில் கோடு இல்லை. நாலும் ஒன்பதும் இடம் மாறியிருக்கின்றன. ஒன்பதைத் தள்ளினால் இரண்டுக்கும் ஒரே விடைதான்; அப்பாவுக்கு அகப்பட வழியில்லை.

அது அன்று நான் சொன்ன பொய்யா, அவசரத்தில் நேர்ந்த கைப்பிசகா? எவ்வளவோ யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மூன்று தடவை மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு 15,491-இன் மேல் கோடு கிழித்து, அம்மா எழுதியிருந்ததைப் போலவே பக்கத்தில் பென்சிலால் 15,941 என்று எழுதினேன்.

திண்ணை இல்லாத வீடு. யாரும் "சரி, போ" என்று சொல்லவில்லை. இருந்தாலும் சிறிது நேரம் காத்திருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.